நான் டாக்டர், நீ பேஷன்ட்: பாவனை விளையாட்டில் குழந்தை என்ன கற்கிறது?

மேசை மேல் இரண்டு பொம்மைக் கோப்பைகள். இரண்டும் காலி. பக்கத்தில் ஒரு வெறும் பாட்டில். இரண்டரை வயதைத் தாண்டிய குழந்தையிடம், "ரெண்டு கப்லயும் ஜூஸ் ஊத்து, பாக்கலாம்" என்கிறார்கள். குழந்தை வெறும் பாட்டிலைச் சாய்த்து இரண்டிலும் 'ஊற்றுகிறது'. பெரியவர் ஒரு கோப்பையை எடுத்துக் கவிழ்த்து, ஓர் உதறு உதறி, இருந்த இடத்திலேயே நிமிர்த்தி வைக்கிறார். "இப்ப எது காலி? எதுல ஜூஸ் இருக்கு?"

கவிழ்த்த கோப்பைதான் காலி என்று குழந்தை சட்டென்று காட்டிவிடுகிறது. நிஜத்தில் தொடக்கத்திலிருந்தே இரண்டிலும் ஒன்றுமில்லை.

உளவியலாளர் ஆலன் லெஸ்லி செய்த சோதனை இது. சின்ன விஷயமாகத்தான் தெரியும். ஆனால் ஒரே கோப்பையைப் பற்றி அந்தக் குழந்தை இரண்டு கணக்கு வைத்திருப்பதைக் கவனியுங்கள். நிஜக் கணக்கில் இரண்டும் காலி. விளையாட்டுக் கணக்கில் ஒன்று நிறைந்திருக்கிறது, மற்றொன்று கொட்டிப்போய்விட்டது. இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிடவில்லை. ஜூஸ் சிந்திவிட்டதே என்று குழந்தை நிஜமாகப் பதறவுமில்லை, 'ரெண்டுமே காலிதானே' என்று விளையாட்டைக் கெடுக்கவுமில்லை. விளையாட்டுக் கணக்குக்குள்ளும் நியாயம் பிசகவில்லை: கவிழ்த்தால் கொட்டும், கொட்டினால் காலி.

பால் ஹாரிஸ், ராபர்ட் கவனா என்ற இரு ஆய்வாளர்கள் 1993இல் வெளியிட்ட சோதனைகள் இதையே இன்னொரு பக்கமிருந்து காட்டின. குறும்புக்காரக் கரடிப் பொம்மை ஒன்று இல்லாத டீயை இன்னொரு பொம்மை மேல் கொட்டும். எங்கே நனைந்தது என்று பார்த்து, அந்த இடத்தைத் துடைத்துவிட மூன்று வயதுகூட நிரம்பாத குழந்தைகளுக்குத் தெரிந்திருந்தது. கண்ணுக்கு முன்னால் ஒரு சொட்டு ஈரமும் இல்லை.

இல்லாததை இருப்பதாகவும், ஒன்றை வேறொன்றாகவும், தன்னையே வேறொருவராகவும் வைத்துக்கொண்டு ஆடுவதைத்தான் பாவனை விளையாட்டு என்கிறோம். டாக்டர் விளையாட்டு, டீச்சர் விளையாட்டு, கடை விளையாட்டு, அம்மா-அப்பா விளையாட்டு எல்லாம் இதில் அடக்கம். பள்ளி மேடையில் வசனத்தை மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் நாடகத்தோடு இதைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே கதை பெரியவர் எழுதியது. பார்க்க ஒரு கூட்டம் உட்கார்ந்திருக்கும். இங்கே பார்வையாளர் கிடையாது. அடுத்து என்ன நடக்கும் என்பது ஆடுகிறவர்களுக்கே அந்த நிமிடம்வரை தெரியாது.

எப்போது தொடங்குகிறது?

பெரும்பாலும் ஒரு வயதுக்கும் ஒன்றரை வயதுக்கும் இடையில். சுவிஸ் உளவியலாளர் ஜான் பியாஜே தன் மூன்று குழந்தைகளையும் பக்கத்திலிருந்து கவனித்துக் குறிப்பெடுத்தவர். அவருடைய மகள் ஜாக்லீனுக்கு ஒரு வயது மூன்று மாதம் இருக்கும்போது நடந்தது: குஞ்சம் வைத்த ஒரு துணி அவள் கண்ணில் பட்டது. அதன் ஓரம் அவளுடைய தலையணையின் ஓரத்தைப் போலவே இருந்தது. துணியைப் பிடித்துக்கொண்டு, கட்டைவிரலை வாயில் வைத்து, ஒருக்களித்துப் படுத்துக்கொண்டாள். தூங்குகிற பாவனை. ஆனால் படுத்தபடியே விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் பியாஜேவுக்கு முக்கியமாகப் பட்டது. தூக்கம் வந்து படுக்கிற குழந்தை சிரிக்காது.

முதலில் எல்லாம் தன் உடம்போடுதான்: வெறும் டம்ளரில் குடிப்பது, கண்ணை மூடித் தூங்குவது. சில மாதங்கள் கழித்து அதே டம்ளர் பொம்மையின் வாய்க்குப் போகிறது. பிறகு பொம்மையே குடிக்கிறது, பொம்மையே 'வேண்டாம்' என்கிறது. இரண்டு வயதை ஒட்டி, ஒரு பொருள் இன்னொன்றாக மாறத் தொடங்குகிறது. மரக்கட்டை செல்போன் ஆகும். மூன்று வயதில் மற்ற குழந்தைகளோடு சேர்ந்து ஆடுவது வலுக்கிறது. நான்கு, ஐந்து வயதில் நேற்று விட்ட இடத்திலிருந்து இன்று தொடரும் அளவுக்குக் கதை நீள்கிறது. ஆறேழு வயதுக்குப் பிறகு விதிகள் வைத்து ஆடும் ஆட்டங்கள் மெல்ல இதன் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. எல்லாக் குழந்தைக்கும் ஒரே நாள்காட்டி கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சில மாதங்கள் முன்பின் இருந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை.

பொம்மை வாங்குகிறவர்களுக்கு இதில் ஒரு சேதி இருக்கிறது. ஒன்றரை வயதுக் குழந்தைக்குப் பொம்மைக் கோப்பை கோப்பை மாதிரியே இருந்தால்தான் விளையாட்டு ஓடும். நான்கு வயதுக் குழந்தைக்கு அப்படி இல்லை. பட்டனைத் தட்டினால் சைரன் அடித்து விளக்கு எரியும் ஆம்புலன்ஸ், ஆம்புலன்ஸாக மட்டுமே இருக்கும். அது வந்த அட்டைப்பெட்டி ஆம்புலன்ஸாகவும் படகாகவும் குகையாகவும் இருக்கும். பெட்டியை உடனே குப்பையில் போட்டுவிடாதீர்கள் என்பது என் கட்சி.

கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்ப்போம்

மூன்று நாலு வயதுக் குழந்தைகள் டாக்டர் விளையாட்டு ஆடினால் ஏறக்குறைய இப்படித்தான் ஓடும்:

"நான்தான் டாக்டர்."

"நீ நேத்தும் டாக்டர். இன்னிக்கு நான்."

"அப்ப ரெண்டு டாக்டர். இது பெரிய ஆஸ்பத்திரி."

"நான் என்ன?"

"நீ பேஷன்ட். உனக்குக் கால் உடைஞ்சிருச்சுன்னு வச்சுக்கலாம். அழு."

"ஆ... வலிக்குது டாக்டர்!"

"பயப்படாதீங்கம்மா. ஒரே ஒரு ஊசி. இந்த ஸ்பூன்தான் ஊசி, சரியா?"

"ஊசி வேணாம். மாத்திரை குடுங்க."

"இல்ல, நீ இப்ப அழணும். அப்புறம்தான் சரியாவும்."

"ஏய், டாக்டர் சிரிக்கக் கூடாது. நீ சிரிக்கிற."

ஒரு நிமிடம்கூட ஆகாது. இதற்குள் அந்தக் குழந்தைகள் மூன்று ஆட்களாக மாறி மாறிப் பேசியிருக்கிறார்கள். 'நீ நேத்தும் டாக்டர்' என்பது அந்தக் குழந்தையின் சொந்தக் குரல். 'அழு', 'வச்சுக்கலாம்', 'இந்த ஸ்பூன்தான் ஊசி' என்பதெல்லாம் இயக்குநரின் குரல். 'பயப்படாதீங்கம்மா' மட்டும்தான் டாக்டரின் குரல். இயக்குநர் ஒருமையில் 'அழு' என்று சொன்ன அதே வாய், டாக்டர் ஆனதும் மரியாதைக்குத் தாவிவிடுகிறது. நோயாளியும் 'குடுங்க' என்கிறாள். யார் யாரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று இவர்களுக்கு யாரும் பாடம் எடுத்திருக்க மாட்டார்கள். கேட்டுக் கேட்டு மனதில் பதிந்ததை இங்கேதான் எடுத்துப் பேசிப் பார்க்கிறார்கள். வகுப்பில் 'மரியாதையாகப் பேச வேண்டும்' என்று நூறு முறை சொன்னாலும், டாக்டராகவும் நோயாளியாகவும் அதிகாரியாகவும் பேசிப் பார்க்க வேறு சந்தர்ப்பம் நாலு வயதுக் குழந்தைக்கு எங்கே கிடைக்கப்போகிறது?

எந்தக் குரல் எதற்கு என்று மூவருமே குழம்பவில்லை. 'இது விளையாட்டு' என்ற சைகை விளையாட்டுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் விளையாட்டே நடக்காது என்று மானிடவியலாளர் கிரகரி பேட்சன் 1955இல் எழுதினார். அழுகிற நோயாளி நிஜமாக அழவில்லை என்று மற்ற இருவருக்கும் தெரிகிறது. நிஜமாக அழுதால் அதே நொடியில் அதுவும் தெரிந்துவிடும். டாக்டர் ஸ்பூனைக் கீழே போட்டுவிட்டு, "என்னாச்சு?" என்று தன் சொந்தக் குரலில் கேட்பாள்.

எனக்கு அந்த உரையாடலில் மிகவும் பிடித்தது, 'ரெண்டு டாக்டர், இது பெரிய ஆஸ்பத்திரி' என்ற வரி. பஞ்சாயத்து வைக்க வேண்டிய சண்டை அது. யார் விட்டுக்கொடுப்பது என்ற கேள்விக்குப் போகாமல், கதையையே கொஞ்சம் பெரிதாக்கி இருவரையும் உள்ளே வைத்துவிட்டது அந்தக் குழந்தை. விளையாட்டு நின்றுவிடக் கூடாது என்ற ஆசை மூவருக்கும் இருப்பதால்தான் இந்தச் சமரசம் சாத்தியமாகிறது. ஆசிரியர் நடுவில் வந்து 'இன்று இவள், நாளை அவள்' என்று தீர்ப்புச் சொல்லியிருந்தால் சண்டை தீர்ந்திருக்கும். பெரிய ஆஸ்பத்திரி பிறந்திருக்காது.

சாரா ஸ்மிலான்ஸ்கி என்ற இஸ்ரேலிய ஆய்வாளர் 1968இல், சேர்ந்து ஆடும் பாவனை விளையாட்டு முதிர்ந்த நிலைக்கு வந்துவிட்டதா என்று பார்க்க ஆறு அடையாளங்களைச் சொன்னார். குழந்தை ஒரு பாத்திரத்தை ஏற்று நடிக்க வேண்டும். பொருள்களை வேறொன்றாகப் பாவிக்க வேண்டும். செயலையும் சூழலையும் சொல்லாலேயே உண்டாக்க வேண்டும். ஒரே கதையில் பத்து நிமிடமாவது நிலைத்திருக்க வேண்டும். குறைந்தது இரண்டு பேர் கதையில் இருக்க வேண்டும். அவர்கள் கதை தொடர்பாகத் தங்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டும். மேலே பார்த்த டாக்டர் விளையாட்டில் பத்து நிமிடக் கணக்கைத் தவிர மற்றதெல்லாம் இருக்கின்றன. இப்படி ஆடத் தெரியாத குழந்தைகளுக்குப் பெரியவர் கூட இருந்து ஆடிக் காட்டினால் அவர்களுக்கும் வந்துவிடுகிறது என்பதையும் ஸ்மிலான்ஸ்கி காட்டினார். இது தானாகவே முளைத்துவிடும், நாம் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை என்ற எண்ணம் பாதிதான் சரி.

'டாக்டர் சிரிக்கக் கூடாது'

பாவனை விளையாட்டு என்றாலே இஷ்டத்துக்கு ஆடுவது என்று நினைக்கிறோம். ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி 1933இல் ஆற்றிய ஓர் உரையில் இதற்கு நேர்மாறாகச் சொன்னார்: விதி இல்லாத பாவனை விளையாட்டே கிடையாது. அவர் எடுத்துக்காட்டிய சம்பவம் ஜேம்ஸ் சல்லி என்ற ஆங்கிலேய உளவியலாளர் பதிவுசெய்தது. அக்கா தங்கை இருவர், ஏழு வயதும் ஐந்து வயதும். ஒருநாள் 'நாம அக்கா தங்கச்சி விளையாட்டு விளையாடலாம்' என்று தொடங்குகிறார்கள். ஏற்கெனவே அக்கா தங்கைதானே, இதில் என்ன விளையாட்டு? ஆனால் விளையாட்டு தொடங்கியதும் நடத்தை மாறிவிடுகிறது. அக்கா தங்கை என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று அவர்கள் நினைக்கிறார்களோ, அப்படி இருக்கிறார்கள். வாழ்க்கையில் யோசிக்காமல் செய்ததை விளையாட்டில் விதியாக எடுத்துக்கொள்கிறார்கள்.

நம் டாக்டர் விளையாட்டில் 'டாக்டர் சிரிக்கக் கூடாது' என்று ஒரு குழந்தை கண்டிப்பதும் இதுதான். அந்த விதியைப் பெரியவர் யாரும் போடவில்லை. டாக்டராக இருக்க வேண்டும் என்ற ஆசையே சிரிப்பை அடக்கச் சொல்கிறது. விளையாட்டில் குழந்தை தன்னைவிட ஒரு தலை உயரமாக நிற்கிறது என்றார் வைகாட்ஸ்கி. அவர் அடுத்த ஆண்டே, 37 வயதில், காசநோயால் இறந்துபோனார். இந்த உரை அச்சில் வந்ததே 1966இல்தான்.

அவருடைய வழியில் வந்த மனுய்லென்கோ என்ற சோவியத் ஆய்வாளர் 1948இல் இதைச் சோதித்துப் பார்த்தார். குழந்தைகளை அசையாமல் நிற்கச் சொன்னபோது நின்ற நேரத்தைவிட, காவல்காரர் வேடத்தில் நிற்கச் சொன்னபோது கூடுதல் நேரம் நின்றார்கள். 2017இல் அமெரிக்காவில் ரேச்சல் வைட்டும் சக ஆய்வாளர்களும் இதையே புதிதாகச் செய்தார்கள். 4 வயதும் 6 வயதும் ஆன 180 குழந்தைகளுக்குப் பத்து நிமிடத்துக்கு ஒரு சலிப்பூட்டும் வேலை. பக்கத்திலேயே ஐபேடில் ஒரு விளையாட்டு. எப்போது வேண்டுமானாலும் அதற்குப் போகலாம். ஒரு பிரிவினர் 'நான் நல்லா வேலை செய்றேனா?' என்று தங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இன்னொரு பிரிவினர் தங்கள் பெயரைச் சொல்லி அதே கேள்வியைக் கேட்க வேண்டும். மூன்றாம் பிரிவினர் பேட்மேன் போன்ற ஒரு பாத்திரமாகத் தங்களை வைத்துக்கொண்டு, 'பேட்மேன் நல்லா வேலை செய்றாரா?' என்று கேட்க வேண்டும். வேலையில் அதிக நேரம் நிலைத்தவர்கள் பேட்மேன்கள்தான்.

'ஒரு இடத்தில் உட்கார மாட்டேன் என்கிறான்' என்று குறைப்படும் பெற்றோர் இதை ஒரு தந்திரமாக எடுத்துக்கொண்டு, பல் தேய்க்க ஒரு வேடம், சாப்பிட ஒரு வேடம் என்று தொடங்கிவிடுவார்களோ என்ற பயம் எனக்கு உண்டு. எப்போதாவது செய்தால் தப்பில்லை. நாள் முழுக்கச் செய்தால் வேடம் சலித்துவிடும்.

கட்டையும் எழுத்தும்

மரக்கட்டை செல்போன் ஆவதில் இன்னொரு விஷயமும் ஒளிந்திருக்கிறது. கட்டை பார்வைக்குச் செல்போன் மாதிரி இல்லை. ஆனால் செல்போனுக்குப் பதிலாக நிற்கிறது. எழுத்தும் அப்படித்தானே. 'க' என்ற கோடுகளுக்கும் நம் வாயிலிருந்து வரும் ஒலிக்கும் தோற்றத்தில் ஒரு சம்பந்தமும் இல்லை. ஒன்றுக்குப் பதிலாக வேறொன்று நிற்கலாம் என்ற ஒப்பந்தத்தைக் குழந்தை எழுத்தில் சந்திப்பதற்கு முன்பே விளையாட்டில் சந்தித்துவிடுகிறது.

டாக்டர் விளையாடும் குழந்தை ஒரு தாளில் கிறுக்கி, "இந்த மருந்தை மூணு வேளை குடிங்க" என்று நீட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். எழுத்து என்றால் அதில் ஒரு சேதி இருக்கிறது, அதை இன்னொருவர் படிப்பார், அதன்படி ஏதோ நடக்கும் என்ற மொத்த விஷயமும் அந்தக் கிறுக்கலில் வந்துவிட்டது. எழுத்து வடிவம்தான் பாக்கி. சூசன் நியூமன், கேத்லீன் ராஸ்கோஸ் இருவரும் 1990களின் தொடக்கத்தில் மழலையர் வகுப்புகளின் விளையாட்டு மூலைகளில் தாள், பேனா, படிவம், உறை, பெயர்ப்பலகை போன்றவற்றைச் சேர்த்து வைத்துப் பார்த்தார்கள். குழந்தைகள் விளையாட்டுக்குள்ளேயே 'படிப்பதும்' 'எழுதுவதும்' கணிசமாகக் கூடியது. செலவு என்று பார்த்தால் ஒரு கட்டுத் தாள்.

கணக்கும் இப்படித்தான் உள்ளே வரும். கடை விளையாட்டில் சில்லறை கொடுக்காமல் விட்டுவிட்டால் வாங்க வந்தவர் சும்மா இருப்பாரா?

பயமும் அடுத்தவர் மனமும்

ஊசி போட்டுக்கொண்டு வந்த குழந்தை வீட்டில் உள்ள பொம்மை, தாத்தா, தலையணை என்று ஒன்று விடாமல் எல்லோருக்கும் ஊசி போடும். ஆஸ்பத்திரியில் அதன் கை பிடிக்கப்பட்டது, ஊசி குத்தப்பட்டது. அது எதையும் தீர்மானிக்கவில்லை. விளையாட்டில் ஊசி அதன் கையில். எத்தனை தடவை குத்துவது, எப்போது நிறுத்துவது, அழுகிறவரை எப்படித் தேற்றுவது எல்லாம் அதன் முடிவு. தம்பிப் பாப்பா பிறந்த வீட்டில் நாலு வயது அக்கா திடீரென்று தானே பாப்பாவாகிச் சுருண்டு படுப்பதும் இந்த வகைதான். "பெரிய பொண்ணு இப்படிப் பண்ணலாமா?" என்று கேட்பதைவிட, ஐந்து நிமிடம் அந்தப் பெரிய பாப்பாவைத் தாலாட்டிவிடுவது நல்லது. மோசமான சம்பவம் ஒன்றைக் கண்ட குழந்தை அதே காட்சியை மாற்றமே இல்லாமல், எந்த ஆறுதலும் கிடைக்காமல், வாரக்கணக்கில் திரும்பத் திரும்ப ஆடிக்கொண்டிருந்தால் மட்டும் குழந்தைகள் மனநல நிபுணரைப் பார்ப்பது நல்லது.

அடுத்தவர் மனதில் என்ன இருக்கிறது என்பதைப் புரிந்துகொள்ளும் திறனுக்கும் பாவனைக்கும் ஒரே வேர் என்று லெஸ்லி 1987இல் வாதிட்டார். 'அவர் அந்தக் கட்டையைப் போன் என்று பாவிக்கிறார்' என்பதும், 'அவர் பெட்டியில் பந்து இருக்கிறது என்று நம்புகிறார்' என்பதும் அமைப்பில் ஒன்றுதான். இரண்டிலும் நிஜம் ஒருபக்கம், அவர் மனதில் இருப்பது ஒருபக்கம். தனக்குத் தெரிந்தது அடுத்தவருக்குத் தெரியாமல் இருக்கலாம் என்பது பெரும்பாலான குழந்தைகளுக்கு நான்கு வயதை ஒட்டிப் பிடிபடுகிறது. பாவனை அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே வந்துவிடுகிறது. ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் தானாக எழும் பாவனை விளையாட்டு குறைவாக இருப்பதும் இந்த வாதத்துக்கு ஒரு காரணமாக இருந்தது. அதற்காக, பொம்மையை வைத்துப் பேசவில்லை என்ற ஒன்றை மட்டும் பார்த்து யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. பேச்சு, கண் பார்த்துப் பழகுவது, விரல் நீட்டிக் காட்டுவது எல்லாவற்றையும் சேர்த்துத்தான் மருத்துவர் பார்ப்பார்.

இவ்வளவும் நிரூபணமானதா?

இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். 'பாவனை விளையாட்டு மூளையை வளர்க்கும், அறிவைக் கூட்டும்' என்று பொம்மை விளம்பரங்கள் சொல்கிற அளவுக்கு ஆய்வுகள் சொல்லவில்லை. ஆஞ்சலின் லில்லார்டும் சகாக்களும் 2013இல், அதுவரை வந்த ஆய்வுகளை ஒட்டுமொத்தமாக அலசினார்கள். பாவனை விளையாட்டால்தான் படைப்பாற்றலும் புத்திசாலித்தனமும் வளர்கின்றன என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை என்று முடித்தார்கள். மொழி, கதை சொல்லும் திறன், உணர்ச்சிகளைக் கையாள்வது ஆகியவற்றில் நிலைமை கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் அங்கும், விளையாட்டு பல வழிகளில் ஒரு வழியாக இருக்கலாம் என்பதற்கு மேல் போக முடியவில்லை. நன்றாகப் பேசும் குழந்தை நன்றாகப் பாவனை செய்கிறதா, பாவனை செய்வதால் நன்றாகப் பேசுகிறதா என்பதைப் பிரித்தெடுப்பது லேசான காரியமில்லை.

லில்லார்ட் மாண்டிசோரி முறையையும் நெடுங்காலமாக ஆராய்ந்து வருபவர். மரியா மாண்டிசோரி 1907இல் ரோமில் தொடங்கிய குழந்தைகள் இல்லத்தில் பொம்மைச் சமையலறைக்கு இடம் இல்லை. நிஜக் காய், நிஜக் கத்தி, நிஜத் தண்ணீர்தான். நறுக்குவது, கழுவுவது போன்ற வேலைகளில் பாவனையைவிட நிஜத்தையே பல குழந்தைகள் விரும்புகிறார்கள் என்று லில்லார்டின் பிற்கால ஆய்வு ஒன்றும் காட்டியது. இரண்டுக்கும் சண்டை மூட்டத் தேவையில்லை என்று நினைக்கிறேன். குழந்தை நிஜமாகக் காய் நறுக்கலாம். டாக்டராகவோ டிராகனாகவோ நிஜமாக ஆக முடியாது.

எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். பாவனை விளையாட்டை மதிப்பெண்ணுக்கான மருந்தாக விற்பதுதான் கோளாறு. பேரம் பேசுவது, தன்னை அடக்கிக்கொள்வது, சொல்லால் ஓர் உலகத்தை உண்டாக்குவது எல்லாம் அந்த நேரத்தில் கண்ணெதிரே நடக்கின்றன. அவை பத்து ஆண்டு கழித்து எந்தத் தேர்வில் தெரியும் என்று கேட்டால் என்ன சொல்வது?

பெரியவர் வேலை என்ன?

முதலில் நேரம். 1988இல் வந்த ஓர் ஆய்வில் பாலர் பள்ளிக் குழந்தைகளுக்குச் சில நாள் 15 நிமிடமும் சில நாள் 30 நிமிடமும் விளையாட நேரம் கொடுத்துப் பார்த்தார்கள். நீண்ட நேரம் கிடைத்த நாட்களில்தான் குழுவாகச் சேர்ந்து ஆடும் முதிர்ந்த பாவனை விளையாட்டு கூடியது. காரணம் எளிது. யார் டாக்டர் என்று முடிவு செய்யவே பத்து நிமிடம் போய்விடுகிறது. பாத்திரம் பிரித்து, நாற்காலி இழுத்துப் போட்டு, கதை சூடுபிடிக்கும்போது மணி அடித்தால், அடுத்த நாள் யாரும் அவ்வளவு பாடுபட மாட்டார்கள்.

அடுத்தது அனுபவம். பார்க்காததை ஆட முடியாது. தபால் நிலையத்தைப் பார்த்தே இராத குழந்தைக்கு அந்த மூலையை எவ்வளவு அழகாக அமைத்துக் கொடுத்தாலும் முத்திரை குத்தும் சத்தத்தோடு விளையாட்டு முடிந்துவிடும். கூட்டிப்போய்க் காட்டுங்கள். அங்கே யார் யார் இருக்கிறார்கள், வரிசையில் நிற்பவர் என்ன கேட்கிறார், உள்ளே இருப்பவர் என்ன பதில் சொல்கிறார் என்று ஆட்களைக் காட்டுங்கள். விளையாட்டுக்குத் தேவை ஆட்களும் அவர்கள் பேச்சும்தான், கட்டடம் இல்லை.

மூன்றாவதில்தான் நல்ல ஆசிரியர்களும் சறுக்குகிறார்கள். குழந்தைகள் கடை வைத்திருக்கிறார்கள். பெரியவர் வருகிறார். "அடடே, கடையா! இது என்ன கலர்? இதுல எத்தனை இருக்கு, எண்ணிச் சொல்லு?" குழந்தை எண்ணிச் சொல்கிறது. கடைக்காரர் காணாமல் போய், பரீட்சை எழுதும் மாணவன் வந்துவிட்டான். அதே பெரியவர் இப்படி வந்திருக்கலாம்: "கடைக்காரரே, வீட்டுக்கு ஆறு பேர் விருந்துக்கு வர்றாங்க. ஆளுக்கு ஒண்ணு வேணும். இருக்கா?" எண்ணுவது நடக்கும், கடையும் நடக்கும். வாங்கிக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். வந்தவர் அங்கேயே நின்று முதலாளி ஆகிவிடக் கூடாது.

சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஆய்வகப் பள்ளியில் பல ஆண்டுகள் மழலையர் ஆசிரியராக இருந்த விவியன் பேலி இதை ஒரு முறையாகவே ஆக்கினார். குழந்தை சொல்லச் சொல்லக் கதையை ஆசிரியர் எழுதிக்கொள்வார். பிறகு எல்லோரும் வட்டமாக உட்கார, சொன்ன குழந்தை நடிகர்களைத் தேர்ந்தெடுக்க, கதை நடிக்கப்படும். மூன்று வரிக் கதை என்றாலும் அதே மரியாதை. தன் சொற்கள் தாளில் ஏறி, அங்கிருந்து நண்பர்களின் உடம்பில் ஏறுவதைக் குழந்தை கண்ணால் பார்க்கிறது. பேலிக்கு 1989இல், படைப்பாற்றல் மிக்கவர்களுக்கு அமெரிக்காவில் தரப்படும் மெக்ஆர்தர் விருது கிடைத்தது. 2019இல் அவர் காலமானார்.

பெற்றோர் அடிக்கடி கேட்கும் இரண்டு கேள்விகள். கண்ணுக்குத் தெரியாத நண்பனோடு பேசுகிறதே, பரவாயில்லையா? பரவாயில்லை. மார்ஜோரி டெய்லரும் சகாக்களும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், ஏழு வயதுக்குள் ஏதாவது ஒரு கட்டத்தில் கற்பனைத் தோழர் இருந்ததாகத் தெரிந்த குழந்தைகள் 65 சதவீதம். அவர் நிஜமில்லை என்பது குழந்தைக்குத் தெரியும். நாம் அவருக்கும் சேர்த்து நாற்காலி போட்டால், 'அவன் சும்மா கற்பனைதான்' என்று நம்மைத் தேற்றுகிற குழந்தைகளும் உண்டு. விரலைத் துப்பாக்கியாக்கிச் சுடுகிறானே? அடியோடு தடுத்தால் அது மறைவில் நடக்கும். நிஜமாக யாருக்காவது அடிபடுகிறதா, யாராவது விருப்பமில்லாமல் மாட்டிக்கொண்டிருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால், "அடிபட்டவரை யார் தூக்கிட்டுப் போறது?" என்று ஒரு கேள்வியைப் போட்டுப் பார்க்கலாம். சில நாள் ஆம்புலன்ஸ் வந்துவிடும்.

கடைசியாக, சேர்த்துக்கொள்ளப்படாத குழந்தை. "என்னைச் சேர்த்துக்க மாட்டேங்கிறாங்க" என்று அழுதுகொண்டு வரும். வழக்கமாக நாம் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், "இவனையும் சேத்துக்குங்க" என்போம். சேர்த்துக்கொள்வார்கள், ஒரு மூலையில் நாய்க்குட்டி வேடம் கொடுத்து மறந்துவிடுவார்கள். சமூகவியலாளர் வில்லியம் கோர்சாரோ 1970களில் பாலர் பள்ளிகளில் மாதக்கணக்காகக் குழந்தைகளோடு தரையில் உட்கார்ந்து கவனித்தவர். 'நானும் வரலாமா?' என்று நேராகக் கேட்கும் குழந்தைக்குப் பெரும்பாலும் மறுப்புதான் கிடைக்கிறது என்று அவர் கண்டார். ஓடிக்கொண்டிருக்கும் விளையாட்டு பாழாகிவிடுமோ என்ற பயம் உள்ளே இருப்பவர்களுக்கு. கொஞ்ச நேரம் சுற்றி நின்று என்ன கதை ஓடுகிறது என்று பார்த்து, அதற்குப் பொருந்துகிற ஒரு வேலையைத் தானே செய்யத் தொடங்குகிற குழந்தை எளிதாக உள்ளே போய்விடுகிறது. ஆகவே அழுதுகொண்டு வந்த குழந்தையோடு ஓரமாக நின்று, "அங்க என்ன விளையாட்டு நடக்குது?" என்று கேளுங்கள். "பஸ்" என்று பதில் வரும். "பஸ்ல இப்ப யாரெல்லாம் இருக்காங்க?" டிரைவர் இருக்கிறார், கண்டக்டர் இருக்கிறார், பின்னால் மூன்று பேர். "டயர் பஞ்சர் ஆனா யாரு சரிபண்ணுவாங்க?" இதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்காது. குழந்தை ஓடிப்போய் முன் நாற்காலியின் காலருகே உட்கார்ந்து, கையில் கிடைத்ததை வைத்துத் திருகத் தொடங்கும். டிரைவர் குனிந்து பார்த்து, "பின்னாடி டயரும் பாருங்கண்ணே" என்பார்.